கச்சான் காற்றும் ஒரு ஜப்பானிய வாளும்

கொழும்பிலிருந்து பதுளைக்கு எப்படிப் போவது என்று யாரைக் கேட்டாலும் ரயிலைத்தான் சொல்வார்கள். தெமோதரை வளையம், ஒன்பது வளைவுப் பாலம், சுரங்கங்கள், கடைசியில் 1924இல் திறந்த பதுளை ஸ்டேஷன் என்று வரிசையாக ஆசை காட்டுவார்கள். நான் போகும்போது பஸ்ஸில் போனேன். இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்லை, பெரகலை என்று மலைநாட்டின் தெற்குச் சரிவில் ஏறுகிற பாதை அது. என் பயணம் ஒரு வாளைப் பார்ப்பதற்காக. அந்த வாளைத் தொடும் முன் எஃகைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஓரிடம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலப் பொருள்களைச் சேர்க்கத் தொடங்கியவன் நான். தொப்பிச் சின்னங்கள், தணிக்கை முத்திரை விழுந்த கடிதங்கள், மலாயாவில் ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுகள் இவைதான் என் பெட்டியில் உண்டு. தமிழ்நாட்டில் மலாயா போய்த் திரும்பிய குடும்பங்களின் டிரங்குப் பெட்டியில் அந்த நோட்டுகள் இன்னும் கிடைக்கின்றன. ஜப்பானிய வாள் அப்படிப்பட்ட பொருள் இல்லை. அதைப் பணம் கொடுத்து வாங்குவதற்குப் பல வருஷம் முன்பே படிக்கத் தொடங்க வேண்டும் என்று மூத்த சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் ஒரு வீட்டில் அப்படியொரு வாள் இருக்கிறது, வந்தால் காட்டுவார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். கிளம்பும்போது மனதில் இரண்டு கேள்விகள். இந்த எஃகு எப்படிப் பிறந்தது? இது யார் இடுப்பில் தொங்கியது?

முதல் கேள்விக்காகப் பலாங்கொடையைத் தாண்டி இறங்கி, ஒரு ஓட்டோ பிடித்துச் சமனலவெவ நீர்த்தேக்கத்தின் பக்கம் போனேன். அது ஆடி மாசம். மேற்கு பார்த்த ஒரு மேட்டின் விளிம்பில் ஏறி நின்றதும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. காலடியில் கறுப்புக் கறுப்பாய், கண்ணாடிப் பளபளப்போடு உருகி உறைந்த துண்டுகள் மண்ணோடு கலந்து கிடந்தன. இரும்பு உருக்கியபோது கழிந்த சிட்டம். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது.

இங்கே அணை கட்டுவதற்கு முன் தொல்லியல் ஆய்வு செய்ய வந்தவர்களில் ஒருவர் கில் ஜூலெஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். மேற்கு பார்த்த மேடுகளின் விளிம்பில் மட்டும் நீள நீளமாக உலைகளின் அடித்தளங்கள் கிடப்பதை அவர் கண்டார். துருத்தி வைத்த அடையாளம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தி. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அதன் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காற்று நேராகக் குழாய்க்குள் புகுந்து நெருப்பை ஊதுவதில்லை. உலையின் முன்சுவர் விளிம்பைக் கடந்து மேலே சீறிப் போகும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்தக் குறைவு, சுவரின் அடியில் வரிசையாகப் பதித்த களிமண் ஊதுகுழாய்கள் வழியே வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. புயலாய் அடித்தாலும் கொஞ்சம் தணிந்தாலும் உலைக்குள் சீரான மூச்சு. ஜூலெஃப் அதே மாதிரி உலைகளைக் கட்டி, பருவக்காற்றில் மூட்டிப் பார்த்தார். இரும்பு மட்டுமல்ல, கரிமச்சத்து ஏறிய எஃகும் வந்தது. 1996இல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. அதுவரை காற்றை மட்டும் நம்பிய உலையில் நல்ல இரும்பு எடுக்க முடியாது என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப எஃகில் செய்த வாள்களைச் சொல்கிறார். சரந்தீபம் இந்தத் தீவுதான். நம் பக்கம் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஜப்பானிய வாளைத் தேடிப் போகிற ஒரு தமிழன், எஃகு என்பது வேறு யாருடைய வித்தையோ என்ற நினைப்பை இந்த மேட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகலாம்.

சிட்டத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், எடுத்த இடத்திலேயே வைத்தேன். சேகரிக்கிறவனுக்குக் கை அரிக்கும். ஆனால் இலங்கையில் தொல்பொருளுக்குச் சட்டம் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும், கிடந்த இடத்தை விட்டு நகர்ந்த சிட்டம் வெறும் கல்.

ஜப்பானியர் இதே வேலையை வேறு வழியில் செய்தார்கள். அவர்களுடைய உலைக்குத் 'ததாரா' என்று பெயர். தாது மலைக்கல் அல்ல, ஆற்றிலும் மலைச்சரிவிலும் அரித்தெடுத்த இரும்பு மணல். களிமண்ணால் தொட்டி மாதிரி ஒரு உலை கட்டி, மூன்று பகல் மூன்று இரவு மணலும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். பழைய காலத்தில் ஆட்கள் முறை வைத்துக் காலால் துருத்தி மிதித்தார்கள். சுமார் 10 டன் மணலும் 12 டன் கரியும் தின்ற பிறகு, உலையை உடைத்தால் இரண்டரை டன் அளவில் ஒரு கட்டி. அதிலும் வாளுக்கு ஏற்ற 'தமஹகனே' என்ற எஃகு ஒரு பகுதிதான். போர் முடிந்தபின் அணைந்துபோன அந்த உலையை 1977இல் ஷிமானே மாநிலத்தின் ஒகுயிசுமோவில் மறுபடி மூட்டினார்கள். இன்றும் ஜப்பானின் வாள் கொல்லர்களுக்கு எஃகு போவது அங்கிருந்துதான்.

மறுபடி பஸ். ஹல்துமுல்லையில் பாதை மலையோடு ஒட்டிக்கொள்கிறது. கீழே தெற்குச் சமவெளி முழுக்க விரிந்து கிடக்கிறது. பெரகலையில் திரும்பி ஹப்புத்தளை முகட்டைக் கடந்ததும் அதே காற்றின் குணம் மாறிவிடுகிறது. மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, ஊவாப் பக்கம் இறங்குகிற வறண்ட காற்று. கச்சான் என்கிறார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தக் காற்றில் தேயிலைச் செடி வாடி, கொழுந்து மெல்ல மெல்ல வளரும். வளர்ச்சி குறையும்போது வாசனை கூடுகிறது. ஊவாத் தேயிலையை உலகம் தேடி வாங்குவது இந்தச் சில மாதக் கொழுந்துக்காகத்தான். அந்தத் தேநீரில் மூக்கை வைத்தால் லேசாகச் சுளுக்குத் தைல வாசம் அடிக்கும். இரண்டிலும் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் இருப்பதே காரணம். கீழே எஃகு உருக்கிய காற்று, மேலே வந்து தேயிலைக்கு மணம் ஏற்றுகிறது. ஒரே காற்று! இதைக் கண்ணால் பார்க்கவும் மூக்கால் முகரவும் முடிகிற பாதை உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

தியத்தலாவையில் ஒரு பகல் தங்கினேன். போர்ப்பொருள் சேர்க்கிற எவருக்கும் அந்தப் பெயர் தெரியும். 1900இல் போயர் போரில் பிடிபட்டவர்களைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள், சுமார் 5,000 பேர். அவர்கள் பொழுதுபோகாமல் மரத்திலும் எலும்பிலும் செதுக்கிய சின்னச் சின்னச் சாமான்கள் இன்று சேகரிப்பாளர்கள் தேடுகிற பொருள்கள். விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்துச் சொந்த ஊர் திரும்பாமல் இங்கேயே நின்றுவிட்ட ஒரு போயர், ஹென்றி எங்கல்பிரெக்ட், பிறகு யால காட்டின் முதல் காவலரானார். 1939இல் ஜெர்மன்காரர்களை இதே ஊரில் அடைத்தார்கள். அவர்களில் பௌத்த பிக்குகளும் இருந்தார்கள். ஞானபோனிக தேரர் பிறப்பால் யூதர், ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி வந்தவர். அவரையும் ஜெர்மன்காரர் என்றே பிடித்து வைத்தார்கள், பிறகு டேராடூனுக்கு அனுப்பினார்கள். இப்போது ஊர் முழுக்க ராணுவம். இலங்கை ராணுவ அகாடமி இங்கேதான். படம் எடுக்கக் கூடாத இடம் எது என்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும்.

ஜப்பானிய வாள் ஊவாவுக்கு எப்படி வந்தது? ஜப்பான் படை இந்தத் தீவில் இறங்கவே இல்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அத்தோடு அவர்கள் திரும்பிப் போனார்கள். ஆனால் போர் மலைத்தோட்டங்களை விட்டுவைக்கவில்லை. துரைமார் பலர் சிலோன் தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படையில் இருந்தவர்கள், பிரிட்டிஷ், இந்தியப் படைகளில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்தைப் பேராதனைக்கே கொண்டுவந்தார். 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது, பர்மாவில் வென்ற ஜெனரல் ஸ்லிம் ஒன்றில் விட்டுக்கொடுக்கவில்லை. ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் சிப்பாய்கள் பார்க்க, வாளைக் கையளிக்க வேண்டும். பீல்ட் மார்ஷல் தெராவுச்சி நவம்பர் 30 அன்று சைகோனில் மவுண்ட்பேட்டனிடம் தம் வாள்களைக் கொடுத்தார். அவருக்குக் கீழே எத்தனையோ ஆயிரம் வாள்கள். அவை வென்ற படை அதிகாரிகளுக்குப் பங்காகிப் பெட்டிகளில் ஊர் போய்ச் சேர்ந்தன. தோட்டத்துக்குத் திரும்பிய துரையின் பெட்டியிலும் ஒன்று இருந்திருக்கிறது.

பதுளையிலிருந்து பசறைப் பாதையில் அந்தத் தோட்டம். நமுனுகுல மலை ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்க, லயங்களுக்கு மேலே தனியாக ஒரு சின்ன வீடு. வீட்டுக்காரர் தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா பங்களாவில் அப்புவாக இருந்தவர், துரைக்குச் சமையல் அவர் கையால்தான். 1975இல் வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது துரை ஊருக்குக் கிளம்பினார்.

"போறப்ப அப்பாகிட்ட இதக் கொடுத்துட்டுப் போனாராம், தம்பி. இத எடுத்துட்டுப் போய் நான் என்ன செய்யன்னு சொன்னாராம். அப்பா இருக்கிற வரைக்கும் யாரையும் தொட விட்டதில்ல."

உறையோடு மேசைமேல் வைத்தார். பழுப்பு வர்ணம் பூசிய உலோக உறை, தொங்கவிட ஒரே வளையம். பிடியில் திருக்கைமீன் தோல்மேல் பழுப்பு நாடாப் பின்னல், உலோகப் பாகமெல்லாம் செர்ரிப் பூ. படித்தது நினைவுக்கு வந்தது. 1876இல் சாமுராய்கள் வாள் தரிப்பதை ஜப்பான் அரசு தடை செய்தது. அதன்பிறகு அந்நாட்டு ராணுவம் மேல்நாட்டுப் பாணி வாளைத்தான் வைத்திருந்தது. 1934இல் பழைய வடிவத்தையே ராணுவ வாளாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதலில் வந்ததற்கு இரண்டு வளையம், 1938இல் வந்த மாதிரிக்கு ஒன்று. பிடியில் தொங்கும் குஞ்சம் பதவியைச் சொல்லும். இதில் கிழிந்து மிஞ்சியிருந்த குஞ்சத்தில் பழுப்பும் நீலமும். அப்படியானால் லெப்டினன்ட் அல்லது கேப்டன்.

"உருவலாமா, ஐயா?"

"உருவுங்க. கை பத்திரம்."

வாயை மேலே பார்க்க வைத்து, மெதுவாக, அலகில் விரல் படாமல் உருவினேன். விரலின் வேர்வை பட்டால் சில நாளில் அங்கே துரு பூக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அலகைச் சாய்த்தபோது, வாயோரமாக வெண்மையான ஒரு பட்டை அலை அலையாக ஓடியது. பெரியவர் குனிந்து பார்த்தார்.

"வாய்ல மட்டும் வேற நெறமா இருக்கே. துவைச்சல் போட்ட எடமா?"

எனக்குப் பெரிய சந்தோஷம். புத்தகம் பார்த்து நான் தெரிந்துகொண்டதை அவர் கண்ணாலேயே சொல்லிவிட்டார். கவ்வாத்துக் கத்தி பிடித்த ஊர் அது. தேயிலைச் செடியை ஒரே வெட்டில், கிளை பிளக்காமல் வெட்ட வேண்டும். கத்தியின் வாய் கெட்டியாகவும் முதுகு ஒடியாமலும் இருந்தால்தான் அது நடக்கும். ஜப்பானியக் கொல்லர் முதுகுப் பக்கம் களிமண்ணைத் தடிப்பாகவும் வாய்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசி, காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்துவார். வாய் சட்டென்று குளிர்ந்து கெட்டியாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாக நிற்கும். அந்த வேறுபாட்டில்தான் வாள் வளைவும் கூடுகிறது. நிற வித்தியாசமும் அங்கேதான். சொன்னதும் பெரியவர் உள்ளே போய்த் தன் தம்பியின் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பல வருஷம் தீட்டித் தீட்டித் தேய்ந்த கத்தி.

ஆனால் வாளைப் படிப்பது அலகில் தொடங்குவதில்லை. பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பில்தான் எல்லாம் எழுதியிருக்கிறது. பிடியை அலகோடு பிணைப்பது ஒரே ஒரு மூங்கில் ஆணி. அவருடைய அனுமதியோடு அதைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றினேன். காம்பில் கொல்லரின் பெயர் உளியால் வெட்டியிருந்தது. அதன்மேல் ஒரு சின்ன முத்திரை. கிஃபு மாநிலத்தின் செக்கி நகரத்து முத்திரை. போர்க்காலத்தில் பட்டறை பட்டறையாக வாள் செய்து குவித்த ஊர் அது. அந்த முத்திரை இருந்தால் பெரும்பாலும் அலகு ததாரா எஃகில் பழைய முறைப்படி பிறந்ததாக இருக்காது, ஆலை எஃகில் செய்து எண்ணெயில் துவைத்ததாகவே இருக்கும். தோக்கியோவின் யசுகுனி கோயில் வளாகத்தில் 1933 முதல் 1945 வரை பழைய முறையில் அடித்த வாள்கள் வேறு வகை. பாட்டன் பூட்டன் அலகைப் போர்க்கால உறையில் மாட்டிக்கொண்டு போன அதிகாரிகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். புதிதாகச் சேர்க்கிறவர்கள் உறையைப் பார்த்து விலை பேசாதீர்கள். காம்பைக் காட்டாத கடையில் எதுவும் வாங்காதீர்கள். இப்போது செய்து, அமிலத்தால் அலையை வரைந்து, காம்புக்குச் செயற்கைத் துரு ஏற்றிய போலிகள் சந்தையில் ஏராளம். சாதாரண சார்ஜென்ட் வாளையும் விடவில்லை, எண் பொறித்தே போலி செய்கிறார்கள்.

முதல் கேள்விக்கு வாள் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்வியைப் பெரியவர்தான் எடுத்தார்.

"எங்க அப்பாவோட சித்தப்பா ஒருத்தர் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவரு. சயாம் ரயில் போடக் கூட்டிட்டுப் போனாங்களாம். அப்புறம் சேதியே இல்ல."

நான் கையிலிருந்த காம்பை மேசையில் வைத்தேன். பர்மாவையும் சயாமையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்த ஆசியத் தொழிலாளர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் பல்லாயிரம். வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகளுக்குப் பெயர் உண்டு, தமிழர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. ஊவாவுக்கு வந்தவர்களும் மலாயாவுக்குப் போனவர்களும் அதே திருச்சி, சேலம், இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள், சில வேளை ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த முகாம்களில் அதிகாரிகள் இடுப்பில் தொங்கியதும் இந்த மாதிரி வாள்தான். அலகின் அழகை ரசிக்கிற கண் இதையும் பார்த்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கொல்லரின் கைத்திறன் பொய்யில்லை. சயாம் காட்டில் புதைந்தவர்களும் பொய்யில்லை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கிற சேகரிப்பு எனக்கு வேண்டாம்.

பேரப்பிள்ளை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். காம்பைக் காட்டி, "பிராசோ போட்டுப் பளபளன்னு ஆக்கலாமா, மாமா?" என்றான்.

வேண்டவே வேண்டாம் என்றேன். காம்பின் துருதான் அதன் வயதுச் சான்று, அதைச் சுரண்டினால் சான்று போயிற்று. அலகைச் சாணைக்கல்லில் வைக்கவே கூடாது. ஜப்பானில் அதற்கென்று பல வருஷம் பழகிய தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய எண்ணெயை மெல்லிய துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு போட்டால் போதும். ஜப்பானியர் வாளுக்குப் பூசும் எண்ணெயில் கராம்பு வாசம் இருக்கும் என்று சொன்னதும் பெரியவர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். வேலியோரம் ஒரு கராம்பு மரம். அதற்காகத் தோட்டத்துக் கராம்பை இடித்துப் பூசிவிட வேண்டாம், சுத்தமான மினரல் எண்ணெயே நல்லது என்றும் சொல்லிவைத்தேன்.

"நீங்க வாங்கிக்கிறீங்களா, தம்பி?" என்று கேட்டார்.

வாங்கவில்லை. எல்லை தாண்ட அனுமதி வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த வாளுக்கு இப்போது மதிப்பு இருப்பது இந்த வீட்டில்தான். செக்கி முத்திரை விழுந்த வாள்கள் உலகச் சந்தையில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பங்களா அப்புவின் கைக்கு வந்து, சயாமில் சித்தப்பாவைப் பறிகொடுத்த குடும்பம் பாதுகாத்த வாள் இது ஒன்றே. ஒரு பொருள் எந்தக் கை மாறி எந்தக் கைக்கு வந்தது என்ற வரலாறு எழுத்தில் இல்லாவிட்டால், அடுத்த தலைமுறையில் அது பெயரில்லாத இரும்பு. அதை மட்டும் இன்றே எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

பேரன் பள்ளிக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தான். பெரியவர் சொல்லச் சொல்ல அவனே எழுதினான். துரை பெயர், அவர் எந்தப் படையில் இருந்தார், எந்த வருஷம் வந்தார், எந்த வருஷம் போனார், அப்பாவின் பெயர், அப்பா பங்களாவில் சேர்ந்த வருஷம். சித்தப்பாவின் பெயரையும் எழுதச் சொன்னார். எந்தக் கப்பலில் போனார் என்பது பதுளையில் இருக்கும் அக்காவுக்குத்தான் தெரியும் என்று, அங்கேயே போன் போட்டுக் கேட்கத் தொடங்கினார்.